பட்டி மாட்டுக்கு என்ன முகவரி

கரடியனாற்றில் மாடு வைத்திருக்கும் ஒருவர் அரசாங்கத்திடம் மானியம் கேட்பதென்றால், தன்னிடம் மாடு இருக்கிறது என்பதை முதலில் கடதாசியில் நிரூபிக்க வேண்டும். மாட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். பண்ணைப் பதிவு, காதுத் தோட்டின் இலக்கம், மாட்டுத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்க வேண்டும். அந்தப் பைகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. பால் உற்பத்தியாளர் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகும் வீட்டு விறாந்தையில் அதே வேலைதான் நடக்கிறது. பெரியவர்கள் என்னை "புள்ள" என்பார்கள், மற்றவர்கள் "அக்கா" என்பார்கள். பையை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து முடியும்வரை பேச மாட்டார்கள்.

நான் வரலாறு படித்தவள் இல்லை. ஆனால் ஒரே கேள்விகளுக்கு இத்தனை காலம் விடை எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்ற எண்ணம் வராமல் இராது. தேடினேன், பழைய சட்டங்களைப் புரட்டினேன், வயதானவர்களிடம் கேட்டேன். மாட்டைப் பற்றி அந்தப் பைக்குள் வந்துசேரும் கடதாசிகளில் ஒன்றைத் தவிர வேறு எதுவும் மாட்டுக்காரருக்கு உதவுவதற்காகப் பிறக்கவில்லை. ஒன்று கள்ளனைப் பிடிக்க வந்தது, ஒன்று வயலைக் காக்க வந்தது, ஒன்று நடமாட்டத்தைக் கண்காணிக்க வந்தது. மானியம் என்ற ஒன்று பிற்காலத்தில் வந்தபோது, அதே சான்றுகளைத்தான் அதுவும் கேட்டது. எங்கள் ஊர் மாட்டுக்காரர் படிவத்தைக் கண்டு ஏன் பயப்படுகிறார் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர் படிக்காததனால் பயப்படுகிறார் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

ஊரை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கலடியில் பதுளை வீதியில் ஏறிக் கறுப்புப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. அந்த வீதி கரடியனாற்றையும் புல்லுமலையையும் கடந்து மகாஓயாப் பக்கம் ஏறிப்போகிறது. பழைய பிராமிக் கல்வெட்டுகள் உள்ள குசலான்மலை இங்கே பக்கத்தில்தான். உறுகாமம் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் வட்டைகள் ஒரு புறம், காடும் புல்வெளியும் மறு புறம். மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையமும் இங்கே உண்டு. ஆனாலும் மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவர்களுக்குக் கரடியனாறு என்றால் தயிரும் பாலும்தான் நினைவுக்கு வரும்.

இந்த மண்ணில் மாடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரும்போகம் தொடங்குமுன் விதைப்புக்கான ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்தத் திகதிக்கு முன் மாடுகள் வட்டையை விட்டு வெளியேற வேண்டும் என்று அதில் தீர்மானிப்பார்கள். அதன் பிறகு பட்டிகள் காட்டோரமாக நடந்து, வடமேற்கே மயிலத்தமடு, பெரியமாதவணைப் பக்கம் போய்விடும். மழைக்காலம் முழுவதும் அங்கேதான் காலை, அதாவது மாட்டு அடைப்பு, போட்டு இருப்பார்கள். அரிவி வெட்டு முடிந்து பங்குனியில் திரும்பும்போது, வெட்டிய வயலில் தாளும் புல்லும் மாட்டுக்கு. மாடு போடும் சாணம் வயலுக்கு. உழவு இயந்திரம் வருவதற்கு முன் எருமைகளை விட்டு மிதிக்கவைத்துத்தான் சேற்றைப் பண்படுத்தினார்கள். சூடு மிதித்ததும் மாடுதான். வயலும் பட்டியும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த ஏற்பாடு அது. அதற்கு எழுத்து இருக்கவில்லை. கூட்டத்தில் சொன்ன வாயும் கேட்ட காதும் போதுமாயிருந்தன.

எழுத்து இல்லாவிட்டாலும் அடையாளம் இருந்தது. மட்டக்களப்பில் சாதிக்கும் குடிக்கும் உரிய குறியை மாட்டில் சுட்டார்கள். அதோடு சொந்தக்காரரின் எழுத்தையும் சுட்டார்கள். தூரத்தில் புல்லுக்குள் நிற்கும் மாட்டைப் பார்த்து, எந்த ஊர், எந்தக் குடி, யாருடைய மாடு என்று பட்டிக்காரர் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் போகாத மனிதர் நூறு குறிகளை வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குறிக்கம்பி வீட்டில் பத்திரமாக இருக்கும். குறி சுடும் நாள் வெறும் வேலைநாள் இல்லை, சொந்தக்காரரெல்லாம் கூடுவார்கள்.

அந்தக் குறிக்குள் ஒரு சிக்கலும் இருந்தது. பெரிய பட்டிகள் நிலக்காரர்களான போடியார்மாருடையவை. போடியார் ஊரில் இருப்பார். மாட்டோடு காட்டில் இருப்பவர் வேறொருவர். அவருக்குக் கூலி பாலிலும் தயிரிலும் கன்றிலும் நெல்லிலும் பேசப்பட்டது. வீட்டுக்கு வீடு அந்தப் பேச்சு மாறும். அவருக்குப் பங்காக வந்த கன்றும் பல நேரம் போடியார் குறியோடேயே பட்டியில் வளர்ந்தது. அது யாருடையது என்று இருவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கடதாசி வந்து கேட்ட நாளில்தான் அது தெரியாத விசயமாகிப் போனது.

கடதாசி வந்த வழி இதுதான். பிரித்தானியர் 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் மாடு வயலுக்குள் இறங்கினால் பிடித்துக் கட்டவும் சேதத்தை மதிப்பிடவும் ஏற்பாடு செய்தார்கள். சேதத்துக்குப் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்கக் குறி உதவியது. குடிப்பெருமைக்காகச் சுட்ட குறி அபராதத்துக்கு வழிகாட்டியாயிற்று. பிறகு 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் வந்தது. மாட்டுக்குக் குறியிடுவதும், கைமாறும்போது துண்டு எழுதுவதும், இறைச்சிக்கு வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் அனுமதி பெறுவதும் அதற்குள் அடங்கின. மாட்டுக் களவு பெருத்த நாட்டில் அது தேவையான சட்டம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையில் மாட்டோடு வீதியில் போகும் ஒவ்வொருவரும், துண்டைக் காட்டும்வரை, சந்தேகத்துக்குரியவர்.

மாட்டுக் கணக்கை விதானையார் வைத்திருந்தார். 1963இல் விதானை முறை போய்க் கிராம சேவையாளர் வந்தார். இப்போது கிராம உத்தியோகத்தர். எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் "விதானையார்" என்றுதான் சொல்கிறார்கள். அவரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லாத பழக்கமும் அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. எண்ணிக்கை சொன்னவருக்கு அபராதமும் பொறுப்பும் கூடியதே தவிர வேறெதுவும் கூடவில்லை. பிறகு வந்த ஆயுதக்காரர்கள் காலத்திலும் எண்ணிக்கை சொன்னவருக்கு நன்மை வந்ததில்லை. ஒருமுறை ஒரு பெரியப்பா பண்ணைப் பதிவுக்காக வந்தார். எத்தனை மாடு என்று கேட்டேன்.

"முப்பதெண்டு போடு புள்ள."

"பெரியப்பா, எழுவதுக்கு மேல இரிக்கிறது ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா போதும். கடதாசிக்கு ஏன் தெரியணும்? எண்ணிச் சொன்னா பட்டி குறைஞ்சிரும்."

அவரைத் திருத்த நான் முயலவில்லை. இரண்டு தலைமுறையின் அனுபவம் அந்தப் பேச்சில் இருந்தது. ஆனால் முப்பது என்று பதிந்த பட்டியில் நோய் வந்து நாற்பது மாடு செத்தால் எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் அது நிற்காது என்பதை மட்டும் பொறுமையாகச் சொன்னேன். அவர் அன்றைக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை கழித்து மகனை அனுப்பினார். மகன் சரியான எண்ணிக்கையைச் சொன்னான்.

மேலே ஒன்றைத் தவிர என்று சொன்னேனே, அந்த ஒன்று பால் கொப்பி. 1954இல் தேசிய பால் சபைக்குச் சட்டம் ஆக்கினார்கள். அதன் வழியில் பின்னர் வந்ததுதான் இன்றைய மில்கோ. ஊர்களில் பால் சேகரிக்கும் சங்கங்கள் உருவானபோது ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி கொடுத்தார்கள். திகதி, காலைப் பால், மாலைப் பால், லீற்றர், கொழுப்பு, விலை. இவ்வளவுதான். ஆனால் எங்கள் மாட்டுக்காரர்களுடைய வாழ்வில், அவர்கள் என்ன தந்தார்கள் என்பதையும் அவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரே வரியில் எழுதிய முதல் கடதாசி அதுதான். சந்தேகம் எதுவும் அந்தக் கொப்பியில் இல்லை. லக்ரோமீற்றரைப் பாலுக்குள் விட்டுப் பார்க்கும்போது மட்டும் எல்லோர் முகமும் கொஞ்சம் இறுகும். தண்ணீர் கலந்ததைக் கருவி காட்டிவிடும். காட்டாவிட்டால் அந்த மனிதர் நிமிர்ந்து நிற்பார்.

நான் எழுதிய விண்ணப்பங்களில் உயிர்பிழைத்தவை பெரும்பாலும் பால் கொப்பியால் பிழைத்தவை. துண்டு தொலைந்தவருக்கும், பதிவு பழையதாகிப்போனவருக்கும், ஆறு மாதக் கொப்பியின் பிரதியை இணைத்து, "இத்தனை லீற்றர் பால் ஊற்றுபவரிடம் மாடு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்" என்ற பொருளில் ஒரு கடிதமும் சேர்ப்பேன். கெட்டிக்கார அதிகாரிகள் அதை ஏற்றுக்கொள்வார்கள். பால் ஊற்றுவது பெரும்பாலும் பெண்கள் என்பதால் அந்தக் கொப்பிகளில் பெண்களின் பெயர் அதிகம் இருக்கும். மாட்டுத் துண்டில் பெண்களின் பெயர் குறைவு. இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பில் குடி தாய்வழியில் வருவது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாடும் அப்படித்தான், பசுவும் நாகும் பெண்ணோடு புது வீட்டுக்கு வரும். பட்டியாகப் பெருகியது அந்த நாகுகளின் வயிற்றிலிருந்துதான். ஆனால் துண்டு எழுதும்போது, பதிவு செய்யும்போது, "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் புருசனின் பெயர் விழுந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அலுவலகத்துக்குப் போனவர் அவர், அவ்வளவுதான். அமைதியான காலத்தில் அதனால் ஒரு குறையும் வரவில்லை.

காலம் அமைதியாக இருக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளையும் தென்னைகளையும் கொண்டுபோனது. மாடுகளோடு பெட்டிகளும் போயின. பெட்டிக்குள் இருந்த துண்டுகளும் போயின. பிறகு யுத்தம். 1990க்குப் பிந்திய காலத்தில் பல வருடங்கள் கறுப்புப் பாலத்துக்கு மேற்கே ஒரு நிர்வாகம், கிழக்கே வேறொரு நிர்வாகம். கச்சேரியும் பெரிய அலுவலகங்களும் கிழக்கே, மாடு மேற்கே. ஒரு கையெழுத்துக்காகச் சோதனைச் சாவடியில் நின்று, பையைத் திறந்து காட்டி, எதற்கு வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பாலத்தைத் தாண்ட வேண்டும். மாட்டு வேலையாக வந்தேன் என்று சொன்னால் நம்பும் முகமும் உண்டு, நம்பாத முகமும் உண்டு. பலர் அந்த வரிசையில் நிற்பதைவிடக் கடதாசியே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். இருபது வருடப் பதிவில் விழுந்த ஓட்டை அப்படி வந்தது.

2007இல் படுவான்கரை முழுவதும் எழும்பி ஓடியபோது மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினார்கள். சில மாதங்களில் திரும்பி வந்தபோது சில பட்டிகள் காட்டில் தானாகவே நின்றன, சில பட்டிகள் இல்லை. நின்றவற்றில் கன்று பிறந்திருந்தது; அந்தக் கன்றுகளுக்குக் குறி இல்லை. இரண்டு வீட்டார் ஒரே நாகுக்கு உரிமை கேட்டுச் சங்கத்துக்கு வந்த நாட்கள் உண்டு. பொலிஸ் வேண்டாம் என்று ஊரே தீர்த்தது. நாகை இரண்டு தாய்ப்பசுக்களுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார்கள். அது போய் ஒட்டிக்கொண்ட பசுவின் சொந்தக்காரருக்கே அது. அந்தத் தீர்ப்பை நான் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். எந்தச் சட்டத்திலும் இல்லாத அந்தத் தாளைத்தான் பிறகு பதிவுக்கு இணைத்தோம்.

மாடு திரும்பாத வீட்டைவிட மனிதர் திரும்பாத வீட்டின் பை பெரிது. சீதனமாக வந்த நாகுகளிலிருந்து பெருகிய பட்டி; பதிவு புருசன் பெயரில்; புருசன் காணாமல் ஆக்கப்பட்டவர். மானியத்துக்கு விண்ணப்பிக்க மனைவி வருகிறாள். உரிமையை மாற்ற மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்படி காணாமற்போனவருக்கு மரணப் பதிவு எடுக்கலாம். ஆனால் மனிதர் செத்துவிட்டார் என்று தன் கையால் எழுதிக் கொடுக்க அவளுக்கு மனம் வராது. வரவும் கூடாது. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் அப்படிப்பட்ட பெண்களின் பட்டிகளுக்கு ஒரு வழி பிறந்தது. அதற்கு முன் நான் என்ன செய்தேன் என்றால், பழைய பட்டியைத் தொடாமல், பால் கொப்பியில் இருக்கும் அவள் பெயரில் புதிய பண்ணைப் பதிவொன்றை எடுத்து, அதன் பிறகு பிறந்த கன்றுகளுக்கு மட்டும் அவள் பெயரில் தோடு போடச் செய்தேன். மெதுவான வழி. மூன்று நான்கு ஈற்றில் பட்டி அவள் பெயருக்கு வந்துவிடும். அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, அவர் வந்தா அவர்ட மாடு அப்படியே இரிக்கும். இது என்ட மாடு." இத்தனை வருடம் எழுதியதில் எனக்கு நிறைவு தந்த வேலை அதுதான்.

2007க்குப் பிறகு திட்டங்கள் மழையாக வந்தன. கிழக்கின் உதயம் என்றார்கள். 2008இல் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. சர்வதேச நிறுவனங்கள் பசுவும் ஆடும் கோழியும் கொடுத்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம். சில படிவங்கள் சிங்களத்தில் மட்டும் வரும். சட்டப்படி தமிழும் ஆட்சிமொழி என்பது அச்சகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை போலும் என்று ஊரில் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மொழியைவிடப் பெரிய இடைவெளி படிவத்தின் கற்பனையில் இருந்தது. அது கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: கொட்டிலின் நீளம் அகலம் என்ன, சீமெந்துத் தரையா, சீ.ஓ. 3 புல் எத்தனை பேர்ச்சில் நட்டிருக்கிறீர்கள், மாடு ஜேர்சியா சாகிவாலா. சீ.ஓ. 3 கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான நல்ல புல். தண்ணீர் உள்ள வளவில் நன்றாக வளரும். நான் அதன் எதிரி இல்லை. ஆனால் எங்கள் பட்டியில் நிற்பது நாட்டு மாடு. அது கொடுக்கும் பால் கொஞ்சம். தீனிச் செலவு இல்லை. வெயிலையும் உண்ணியையும் தாங்கும். கொட்டில் இல்லாத நூறு மாட்டுக்காரர் அந்தப் படிவத்தில் பண்ணையாளர் ஆக முடியாது. கொட்டில் உள்ள இரண்டு மாட்டுக்காரர் ஆகிவிடுவார்.

பால் என்றால் பெரிய பசு என்ற அதே கற்பனைதான் 2012 தொடக்கம் அவுஸ்திரேலியாவிலிருந்து சினைப்பசுக்களைக் கொண்டுவந்தது. பின்னர் 20,000 பசுக்களுக்குப் பேசிய ஒப்பந்தத்தில் 5,000 வந்ததோடு நின்றது. வந்தவற்றிலும் நோயும் இழப்பும் என்று வாங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு மயிலத்தமடுவில் நீர்க்குட்டைகளுக்கும் தடுப்பூசிக்கும் செலவழிந்திருந்தால் என்று நினைக்காத மாட்டுக்காரர் இங்கே இல்லை.

இழப்பு வரும்போதுதான் படிவத்தின் கடினம் முழுதாகத் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் மூழ்கியது. 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. நட்டஈடு கேட்பதென்றால் செத்த மாட்டை மிருக வைத்தியர் பார்த்திருக்க வேண்டும். மாடு செத்தது காட்டுக்குள், வாகனம் போகாத சேற்றுக்கு அப்பால். வைத்தியர் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்? அதனால் பட்டிக்காரப் பெடியன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "தோட்டு இலக்கம் தெரியிற மாதிரி ஒரு படம், குறி தெரியிற மாதிரி ஒரு படம், நீ பக்கத்தில நிக்கிற மாதிரி ஒரு படம். அன்றைக்கே விதானையாருக்கும் டொக்டருக்கும் போனில அனுப்பு. தோட்டைக் கழற்றிப் பத்திரமா வை. மறுகா புதை." இப்போது இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள்.

இனிப் புல்லின் கதை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தோடு கால்நடை வளர்ப்பு மாகாணத்துக்கு வந்தது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலமோ 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மகாவலி அதிகாரசபையின் கைக்குள், அதாவது மத்திய அரசின் கைக்குள் இருக்கிறது. மாட்டுக்கு ஓர் அரசாங்கம், மாடு தின்னும் புல்லுக்கு இன்னோர் அரசாங்கம். மாகாணத் திணைக்களம் "மேய்ச்சல் நிலத்தின் உரித்து" என்று கேட்கும்போது மாட்டுக்காரர் காட்டக்கூடிய கடதாசி உலகத்தில் எங்கும் இல்லை. அந்த நிலத்தை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவிக்கவேண்டும் என்று எத்தனையோ மகஜர் போயிற்று; சிலவற்றின் வாசகம் நான் எழுதியது. 2020க்குப் பிறகு வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் அங்கே காட்டை வெட்டிச் சோளம் போட்டார்கள். மாடுகள் வெட்டுண்டும் சுடுபட்டும் கிடப்பதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். விசயம் நீதிமன்றம் போனது. 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டுத் தொடர்போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்தவர்களில் பலருடைய பை என் விறாந்தையைத் தாண்டிப் போனதுதான். கொட்டில் கட்ட மானியம் தருகிறோம் என்று ஒரு கடிதமும், அந்த நிலம் உங்களுடையது இல்லை என்று இன்னொரு கடிதமும் ஒரே ஆளின் பைக்குள் இருந்ததை நான் பார்த்தேன்.

இப்படித்தான் எல்லா இடத்திலும் என்று சிலர் சொல்வார்கள். மாட்டுக்குக் கடதாசி எல்லா நாட்டிலும் உண்டு என்பது சரி. பிரித்தானியாவில் பைத்தியப் பசு நோய்க்குப் பிறகு 1996இல் ஒவ்வொரு மாட்டுக்கும் கடவுச்சீட்டே கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் வேறு வழியில் போனார்கள். 2011இல் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாக் கறவைப் பசுவும் நான்கு ஆடுகளும் கொடுக்கத் தொடங்கியபோது, யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர்மட்டக் குழு தெரிந்தெடுத்து, கிராம சபையில் வைத்தது. அதிலும் குறைகள் இருந்திருக்கும். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஊரைக் கேட்பது என்ற அந்த ஒன்றை நாங்கள் இங்கே இழந்துவிட்டோம். நூறு குறியை வாசிக்கும் பட்டிக்காரர் உயிரோடு இருக்கும்போது, அவர் சாட்சி எந்தக் கட்டத்திலும் செல்லாது.

கடைசியாக நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இப்போது அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. காசு பிந்தி வரும். மார்கழிக்குள் செலவழித்தாக வேண்டும். அதனால் களப் பார்வைக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது ஒரு மாடும் ஊரில் இராது. வருகிறவர் வெறும் வளவைப் பார்த்துவிட்டு, "பரிசோதனையின்போது கால்நடைகள் காணப்படவில்லை" என்று எழுதிவிடுவார். அவர் எழுதியதில் பொய் இல்லை. இப்படி எழுதப்பட்ட விண்ணப்பங்களைத் திரும்பக் கையில் வாங்கும்போது வருகிற ஆற்றாமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வருடம் இளம் அதிகாரி ஒருவர், நான் கேட்டதற்காக, மோட்டார் சைக்கிளில் மாதவணைவரை போய், இரவு காலையில் தங்கி, விடியப் பட்டி எழும்பும்போது எண்ணிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் அனுப்பியவை எல்லாம் நின்றன. அவர் இடமாற்றமாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் மாடுகளை வளவுக்குக் கொண்டுவரச் சொன்னார். விதைத்த வட்டைக்கூடாக எப்படிக் கொண்டுவருவது?

இப்போது ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு தனித்தாள் இணைக்கிறேன். மாடு எந்த மாதத்தில் எங்கே நிற்கும், காலைக்குப் போகும் வழி எது, அங்கே யாருடைய போன் எடுபடும் என்று அதில் இருக்கும். ஆரம்பக் கூட்டத்தில் மாட்டை வெளியேற்றச் சொல்லித் தீர்மானித்த திகதியையும் எழுதி, கூட்டக் குறிப்பின் பிரதியையும் வைக்கிறேன். மாடு ஊரில் இல்லாதது அரசாங்கம் தலைமை தாங்கிய கூட்டத்தின் கட்டளைப்படிதான் என்பது அதில் தெளிவாகத் தெரியும். படிவத்தில் "பண்ணை அமைந்துள்ள இடம்" என்பதற்குக் கீழே ஒரு கோடுதான் இருக்கிறது. அதை இரண்டாக்கித் தரும்படி மாகாணத்துக்கு எழுதியிருக்கிறேன்: பங்குனி முதல் புரட்டாசி வரை ஓர் இடம், ஐப்பசி முதல் மாசி வரை ஓர் இடம். களப் பார்வையைச் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை இரண்டு இடத்தையும் அந்த ஒரு கோட்டிலேயே சிறிய எழுத்தில் நெருக்கி எழுதுகிறேன்.